அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது?

முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் கேட்டு நிரப்ப வேண்டிய ஒரு படிவம் இந்தியா முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் படிவம் அது. வயது என்ன, புகைப்பதுண்டா, தினமும் மது உண்டா, இடுப்பளவு எவ்வளவு, வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலுழைப்பு உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, குடும்பத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இதய நோயோ இருந்ததா? ஆம் என்றால் 2 மதிப்பெண். இல்லை என்றால் பூஜ்யம். விசாரணை அதோடு முடிந்துவிடுகிறது.

தருமபுரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு “ஆமாங்க, எங்கப்பாவுக்கு பிரஷர் இருந்துச்சு” என்று சொல்லக்கூடிய இருவரை நினைத்துப் பார்க்கலாம். ஒருவரின் அப்பா 70 வயதில் பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்து, 85 வயதுவரை காட்டுக்குப் போய் வந்தவர். மற்றவரின் அப்பா 42 வயதில் மாரடைப்பில் இறந்தவர். சித்தப்பாவும் 45ஐத் தாண்டவில்லை. படிவம் இருவருக்கும் அதே 2 மதிப்பெண்தான் போடும். பிள்ளைகள் இருவருக்கும் இப்போது 150/100 என்று ஒரே அளவு ரத்த அழுத்தம் இருந்தால், இருவர் கைக்கும் ஒரே அம்லோடிபின் மாத்திரைதான் வந்து சேரும்.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் யாருக்கு இதயம் கெடும், யாருக்குத் தப்பும் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது நிறுவப்பட்ட உண்மை. அந்தப் பங்கு எவ்வளவு, அதை எப்படி அறிவது, அறிந்துகொண்டு என்ன செய்வது என்ற கேள்விகளைச் சுற்றித்தான் கடந்த முப்பது ஆண்டுகளின் நம்பிக்கைகளும் ஏமாற்றங்களும் நடந்திருக்கின்றன. அவற்றைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தால், தருமபுரி போன்ற மாவட்டத்துக்கு உடனடியாகத் தேவைப்படுவது அந்தப் படிவத்தின் ஒற்றைக் கேள்வியைப் பிரித்துக் கேட்பதுதான் என்பது தெளிவாகும்.

தமிழக அரசு 2020ல் நடத்திய ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 33.9 சதவீதத்தினருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பஸ் ஏற வேண்டும் என்பது இதற்கு ஒரு பெரிய காரணம். 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது இந்த வட்டாரத்தில்தான். தொடக்க விழா நடந்த சாமனப்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரியோ 2004 வரை தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்தது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருப்போரின் அளவு 17 சதவீதமாக உயர்ந்தது. உண்மையான முன்னேற்றம் இது. ஆனாலும் நூற்றில் எண்பத்துமூன்று பேர் வெளியே நிற்கிறார்கள். அவர்களில் யாரை முதலில் துரத்திப் பிடித்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று கேட்டால், அழுத்தத்தின் எண் மட்டும் அதற்குப் பதில் சொல்லிவிடாது.

கூடுதல் அழுத்தத்தை எதிர்த்து வருடக்கணக்கில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. தடித்த தசை விறைக்கிறது, அதிக ரத்தம் கேட்கிறது, துடிப்பின் ஒழுங்கு குலைகிறது. இன்னொரு பக்கம் ரத்தக் குழாய்களின் உட்சுவர் நலிந்து அங்கே கொழுப்பு படிகிறது. இந்த இரண்டு வேலைகளும் எல்லோர் உடம்பிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. 160/100 காட்டும் ஒருவருக்கு மாரடைப்பு வருகிறது; அதே அளவு காட்டும் இன்னொருவருக்குப் பக்கவாதம் வருகிறது; மூன்றாமவருக்குச் சிறுநீரகம் கெடுகிறது; நான்காமவர் எதுவுமின்றி எண்பதைத் தாண்டுகிறார்.

இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் துருக்கியின் கருங்கடல் வட்டாரத்தில் ஒரு குடும்பம் சான்றாக இருக்கிறது. நிஹாத் பில்கின்துரான் என்ற மருத்துவர் 1973ல் அவர்களைப் பற்றி எழுதினார். அந்தக் குடும்பத்தில் விரல்கள் குட்டையாகப் பிறந்தவர்களுக்கெல்லாம் கடுமையான ரத்தக் கொதிப்பு. விரல் சரியாக இருந்தவர்களுக்கு அழுத்தமும் சரியாக இருந்தது. வைத்தியம் பார்க்காவிட்டால் குட்டை விரல்காரர்கள் 50 வயதுக்கு முன்பே பக்கவாதத்தில் இறந்தார்கள். பெர்லினில் ஃபிரீட்ரிஷ் லுஃப்ட், சில்வியா பேரிங் ஆகியோரின் குழு பல ஆண்டுகள் தேடி, 2015ல் காரணத்தைக் கண்டுபிடித்தது. பி.டி.இ.3ஏ என்ற மரபணுவில் ஒரு மாற்றம். வியப்பு 2022ல் வந்தது. வாழ்நாள் முழுக்க அவ்வளவு அழுத்தத்தைச் சுமந்தும் அவர்களின் இதயம் எதிர்பார்த்த அளவுக்குக் கெடவில்லை. அழுத்தத்தை ஏற்றும் அதே மரபணு மாற்றம் இதயத் தசையைக் காக்கவும் செய்கிறது என்று அந்தக் குழு காட்டியது. அழுத்தம் ஏறுவது வேறு, அந்த அழுத்தம் இதயத்தைக் கெடுப்பது வேறு. இரண்டையும் மரபணு தனித்தனியாகக் கையாள முடியும்.

அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு சான்று கோடிக்கணக்கானோருக்குப் பயன்பட்டது. டெக்சாஸைச் சேர்ந்த ஜொனாதன் கோஹென், ஹெலன் ஹாப்ஸ் ஆகியோரின் குழு 2006ல் ஒரு முடிவை வெளியிட்டது. ஆய்வில் இருந்த கறுப்பின மக்களில் 2.6 சதவீதத்தினருக்கு பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு பிறவியிலேயே செயலிழந்திருந்தது. அவர்களின் கெட்ட கொழுப்பு 28 சதவீதம் குறைவு. இதய நோய் 88 சதவீதம் குறைவு. ரத்தக் கொதிப்பும் புகையும் சர்க்கரை நோயும் பரவலாக இருந்த மக்களிடையே கிடைத்த கணக்கு இது. பிரஷர் இருந்தாலும், பிறந்த நாள் முதல் கொழுப்பு குறைவாக இருந்ததால் இதயம் பெருமளவு தப்பியது. அந்த மரபணுவின் வேலையை முடக்கும் ஊசி மருந்துகள் 2015ல் சந்தைக்கு வந்தன. தருமபுரி அரசு ஆஸ்பத்திரியில் பிரஷருக்காக வரும் ஒருவருக்குக் கொழுப்பு அளவும் பார்த்துத் தீர வேண்டும் என்று வற்புறுத்த இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை. ஊசி விலையுயர்ந்தது. அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை மலிவு. அரசு மருந்தகத்திலேயே இருக்கிறது.

இப்படி ஒற்றை மரபணு பெரிய வேலை செய்யும் குடும்பங்கள் அபூர்வம். பெரும்பாலோருக்குக் கதை வேறு. ஐரோப்பிய வம்சாவளியினர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2024ல் வெளியான முடிவில், ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள 2,103 மரபணுக் குறிகள் கண்டறியப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை தனியாக அழுத்தத்தை ஒரு மில்லிமீட்டர்கூட ஏற்றுவதில்லை. ஆயிரம் சிறு தள்ளுகள் சேர்ந்து ஒருவரை 150க்குக் கொண்டுபோகின்றன.

இது தெரிவதற்கு முன்பு ஒரு காலம் இருந்தது. ஏ.சி.இ. என்ற நொதியின் மரபணுவில் 287 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. 1992ல் அந்தத் துண்டு இல்லாதவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்ததும், உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதைத் தேட ஆரம்பித்தன. இந்தியாவிலும் நூறு பேர், இருநூறு பேரை வைத்து ஏராளமான ஆய்வுகள் நடந்தன. ஒன்று தொடர்பு உண்டு என்றது, அடுத்தது இல்லை என்றது. 2000ல் பிரிட்டனிலிருந்து ஆயிரக்கணக்கான மாரடைப்பு நோயாளிகளை வைத்துப் பெரிய ஆய்வு வந்தபோது, முதலில் சொல்லப்பட்ட வலுவான தொடர்பு தேறவில்லை. சிறிய ஆய்வுகளின் பெரிய அறிவிப்புகளை நம்பி இங்கே எத்தனையோ ஆராய்ச்சிப் பணமும் மாணவர்களின் உழைப்பும் போயின.

மருந்துத் தேர்வுக்கு மரபணுவைப் பயன்படுத்தும் முயற்சியும் நடந்தது. அமெரிக்காவில் ரத்தக் கொதிப்பு மருந்துகளை ஒப்பிட்ட ‘ஆல்ஹாட்’ பெரும் ஆய்வில் பங்கேற்ற 38,462 பேரின் மரபணுக்களைப் பார்த்து, 2008ல் ஒரு முடிவு வெளியானது. உப்பைச் சிறுநீரில் வெளியேற்ற உதவும் ஓர் இதய இயக்குநீரின் மரபணுவில் ஒரு வகை உள்ளவர்களுக்கு நீர்மாத்திரை இதயத்தை நன்றாகக் காத்தது. மற்ற வகையினருக்கு அம்லோடிபின் நன்றாகக் காத்தது. ஒரே அழுத்தம், வேறு மரபணு, வேறு மருந்து. கேட்க இனிமையான செய்தி. இத்தனை ஆண்டுகள் கழித்தும் எந்த மருத்துவ வழிகாட்டியும் அந்தச் சோதனையைச் செய்துவிட்டு மாத்திரை எழுதச் சொல்லவில்லை.

தமிழருக்கு மிக அருகில் நிற்கும் கதை இனிமேல்தான் வருகிறது. 2009 ஜனவரியில் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. முதல் ஆசிரியர் பெருந்துறை எஸ். தண்டபாணி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். கூட இருந்தவர்களில் ஒருவர் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜ். இதயத் தசை சுருங்குவதற்கு உதவும் ஒரு புரதத்தின் மரபணுவில், 25 எழுத்துகள் விட்டுப்போன ஒரு மாற்றத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். தெற்காசியாவில் ஏறத்தாழ 4 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. உலகின் மற்ற பெரும்பகுதிகளில் கிடையாது. சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் தோன்றியிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இதயத் தசை நோயாளிகளிடம் இது மற்றவர்களைவிடப் பல மடங்கு மிகுந்திருந்ததால், ஆபத்து ஏறத்தாழ ஏழு மடங்கு என்று முடிவு சொன்னது. ஆறு கோடிப் பேருக்கு இதயச் செயலிழப்பு அபாயம் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின.

இந்தக் கண்டுபிடிப்பின் பெருமையைக் குறைக்கவே கூடாது. ஐரோப்பியரின் மரபணுவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த துறையில், இந்தியரின் இதயத்துக்கென்று ஒரு கேள்வி உண்டு என்று எழுப்பியவர்கள் இவர்கள். ஆனால் அறிவியல் அங்கே நிற்கவில்லை. 2020ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்களை உள்ளிட்ட ஒரு குழு, தெற்காசிய வம்சாவளி நோயாளிகளிடம் இதே மாற்றத்தை மறுபடி ஆராய்ந்தது. விட்டுப்போன 25 எழுத்துகள் மட்டும் இருந்தால் தசை தடிக்கும் நோய்க்கான ஆபத்து பெரிதாகக் கூடவில்லை. அதை உடையவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆபத்தின் பெரும்பங்கு அந்த இரண்டாவது மாற்றத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்யும் சக்திவேல் சடையப்பன் குழுவினரும் 2018ல் ஏறத்தாழ இதே திசையில், 25 எழுத்து மாற்றத்தோடு கூட வரும் வேறொரு மாற்றத்தைச் சுட்டியிருந்தார்கள்.

இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் யாராவது தருமபுரியில் முகாம் போட்டு, அந்த 25 எழுத்துகளைச் சோதித்து, “உங்களுக்கு ஏழு மடங்கு ஆபத்து” என்று நூற்றுக்கு நான்கு பேரிடம் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெண் பார்க்கும் பேச்சு நின்றிருக்கும். இன்ஷூரன்ஸ் மறுக்கப்பட்டிருக்கும். பிழைப்புக்கு ஓசூருக்கோ பெங்களூருக்கோ போக வேண்டிய பையன் வீட்டில் முடங்கியிருப்பான். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அச்சம் தேவையே இருந்திருக்காது.

அந்த ஆய்வுகளிலிருந்து மாவட்ட மருத்துவத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. பிரஷர் உள்ள ஒருவரின் எக்கோவில் இதயச் சுவர் தடித்திருந்தால், “பிரஷரால வந்தது” என்று எழுதிவிடுவது எளிது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சிலருக்கு அது பரம்பரைத் தசை நோயாக இருக்கும்; அழுத்தம் அதன்மேல் ஏறி உட்கார்ந்த இரண்டாவது சுமை. இரண்டையும் பிரித்தறிய முதல் வழி ஒரு கேள்வி: வீட்டில் இளவயதில் யாராவது ஓடும்போதோ வேலை செய்யும்போதோ திடீரென்று விழுந்து இறந்திருக்கிறார்களா? கிராமத்தில் இதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். எந்த வருடம், எந்தத் திருவிழாவுக்கு முந்தைய நாள் என்பதுவரை அத்தை சொல்வார். கேட்கத்தான் ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டும் வழக்கம் இங்கே இன்னும் ஓயவில்லை. 2019–21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் ரத்த சொந்தத்துக்குள் நடந்தவை. எல்லையை ஒட்டிய கர்நாடகத்திலும் ஏறத்தாழ அதே அளவு. தருமபுரி இந்த இரண்டும் தொடும் எல்லையில் இருக்கிறது. சொந்தத்தில் கட்டாதவர்களும் சாதிக்குள்தான் கட்டுகிறார்கள். தெற்காசியாவின் 263 சமூகங்களை ஆராய்ந்து 2017ல் தங்கராஜ், டேவிட் ரைக் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், 81 சமூகங்கள் ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கனாசி யூதர்களையும்விட அதிகமாகச் சில மூதாதையர்களின் வழியில் அடைபட்டவை என்று தெரிந்தது. மரபணு நோய்களுக்குப் பாடநூல்களில் உதாரணமாகச் சொல்லப்படும் இனங்கள் அவை இரண்டும்.

இதய நோயில் இதன் விளைவு குடும்பவழிக் கொழுப்பு நோயில் வெளிப்படையாகத் தெரியும். உலகளவில் 250 முதல் 300 பேரில் ஒருவருக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து இந்த மாற்றம் வருகிறது. பிறந்தது முதலே கெட்ட கொழுப்பு இரு மடங்கு. கவனிக்காவிட்டால் ஆண்களுக்கு நாற்பதுகளிலேயே மாரடைப்பு. இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால் இருபது வயதுக்குள் இதயம் போகலாம். சொந்தத்துக்குள் கட்டும்போது இரண்டு பக்கமிருந்தும் வரும் வாய்ப்பு கூடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு முழங்கையிலும் குதிகால் தசைநாணிலும் மஞ்சள் கட்டிகள் இருக்கும். தோல் நோய் என்று களிம்பு தடவிக்கொண்டு அலைவார்கள்.

குடும்பம் என்றால் மரபணு மட்டும் என்று நினைத்தால் தருமபுரியே அதைத் திருத்தும். பல தலைமுறைகளாக இந்த மாவட்டத்தின் பல ஊர்களில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் பல்லில் ஒரே பழுப்புக் கறை. பரம்பரை நோய்க்கு இருக்க வேண்டிய அத்தனை அடையாளமும் இருந்தது. காரணம் நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடு. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது அதைத் தீர்க்கத்தான். ஒரு வீட்டில் உள்ளவர்களுக்கு மரபணுவும் பொது, கிணறும் பொது, ஊறுகாய் ஜாடியும் பொது. அப்பாவின் பீடிப் புகையைப் பிள்ளை சிறுவயது முழுக்கச் சுவாசிக்கிறான். சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தரவுகளை வைத்து 2011ல் வெளியான கணக்கு இதற்கு வலுச் சேர்க்கிறது. பெற்றோருக்கு மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைக்கான ஆபத்து ஏறத்தாழ 1.8 மடங்கு. இருவருக்கும் 50 வயதுக்கு முன்பே வந்திருந்தால் ஆறரை மடங்கு. அந்நாளில் தெரிந்திருந்த மரபணுக் குறிகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இந்த எண்கள் பெரிதாக மாறவில்லை. ஆய்வுக்கூடம் இன்னும் பெயரிடாத மரபணுக்களையும், அளக்கவே முடியாத வீட்டுப் பழக்கங்களையும் அந்த ஒரு பதில் சேர்த்தே சொல்கிறது.

வயது எவ்வளவு முக்கியம் என்பதையும் இந்த எண்களே காட்டுகின்றன. அதே ‘இன்டர்ஹார்ட்’ தரவில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 58.8. அப்பாவுக்கு எழுபதில் வந்ததையும் நாற்பத்திரண்டில் வந்ததையும் ஒரே மதிப்பெண்ணில் அடைக்கும் படிவம், கைக்கு வந்த மிகச் சிறந்த தகவலைக் கீழே போட்டுவிடுகிறது.

மரபணு நேரடியாக மருந்து டப்பாவுக்குள் நுழையும் இடமும் ஒன்று உண்டு. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சு வலியோடு வருபவருக்குத் துணை சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் உடனே தரப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கிவர ஆகும் நேரத்தை நினைத்தால், இது உயிர் காக்கும் ஏற்பாடு. இவற்றில் குளோபிடோக்ரெல் விழுங்கியவுடன் வேலை செய்யாது; கல்லீரலில் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதி அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த நொதி சரியாக இயங்காத மரபணு வகை ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் ஏறத்தாழ இரு மடங்கு. புதுச்சேரி ஜிப்மரில் சி. ஆதித்தன் குழுவினர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழரிடையே இதை அளந்து, நொதி அறவே மந்தமாக இருப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் என்று காட்டினார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010ல் இந்த மருந்துக்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் குளோபிடோக்ரெலை நிறுத்தக் கூடாது. முதல் மணி நேரத்தில் அந்த 14 மாத்திரைகளின் பலன் மிகப் பெரியது. ஆஸ்பிரின் அந்த நொதியை நம்பியும் இல்லை. கேள்வி அதற்குப் பின்னால் வருகிறது. ஸ்டென்ட் வைத்து ஊர் திரும்பியவருக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் மறுபடி அடைப்பு வந்தால், “நீங்கதான் மாத்திரைய விட்டிருப்பீங்க” என்று அவரையே குற்றம் சொல்லாமல், மாற்று மருந்துக்கு மாற்றவோ மரபணுவைச் சோதிக்கவோ வழி இருக்க வேண்டும். ஒரே ஒரு மரபணு, பதில் தெளிவு, செய்ய வேண்டியதும் தெளிவு. அரசு மருத்துவக் கல்லூரிகள் மரபணுச் சோதனையில் கால் வைப்பதென்றால், இங்கிருந்து தொடங்குவதே நியாயம்.

தனியார் கூடங்கள் விற்பது அதை அல்ல. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் ஆயிரக்கணக்கான குறிகளைக் கூட்டி “இதய அபாய மதிப்பெண்” தருவதாகச் சொல்லும் தொகுப்புகள் பெருநகரங்களில் விளம்பரமாகின்றன. அந்த மதிப்பெண்களின் அடித்தளம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவு. மற்ற மக்களிடம் அதன் கூர்மை குறைகிறது என்பது துறைக்குள் எல்லோரும் ஒப்புக்கொண்ட குறை. தெற்காசியருக்கு ஏற்பத் திருத்தும் வேலை நடந்துவருகிறது. அது முடிந்து, இங்குள்ள மக்களிடம் சோதித்துப் பார்க்கும்வரை, பாலக்கோட்டுத் தக்காளி விவசாயி அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

மதிப்பெண் கெட்டதாகவே வந்தாலும் அது தலைவிதி ஆகிவிடாது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. பிரிட்டனில் 2,77,005 பேரை வைத்து 2018ல் வெளியான ஆய்வில், மரபணு அபாயம் அதிகம் உள்ளவர்களிலும் நல்ல வாழ்க்கைமுறை உள்ளவர்களுக்கு மேல் அழுத்தம் சுமார் 4 மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. குறைந்த அபாயம் உள்ளவர்களுக்குக் கிடைத்ததும் ஏறத்தாழ அதே பலன்தான். 2011ல் இன்னும் நேரடியான முடிவு வந்தது. ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு பகுதியில் உள்ள மாற்றம் மாரடைப்பை அதிகரிக்கிறது என்பது 2007லிருந்தே தெரியும். ‘இன்டர்ஹார்ட்’டில் தெற்காசியரையும் உள்ளடக்கிப் பார்த்தபோது, பச்சைக் காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிட்டவர்களிடம் அந்த மாற்றத்தின் கெடுதல் வெகுவாகக் குறைந்திருந்தது. காய்கறியையும் மாம்பழத்தையும் லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்பும் மாவட்டத்தில், கட்டட வேலைக்கு பெங்களூர் போன மகன் மூன்று வேளையும் பரோட்டாவும் சோறும் சாப்பிட்டுப் படுப்பது வேதனையான முரண். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டு வளர்ந்த ஊரில், ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு தரும் முன்னோட்டத்தை 2023ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரசு தொடங்கியது. அது தட்டுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

அந்தப் படிவத்தில் செய்ய வேண்டிய திருத்தம் எளியது. ஒரே கேள்வியை மூன்றாக உடைக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கு, என்ன நோய், எந்த வயதில்? அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன்பும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், மருத்துவ வழிகாட்டிகள் அதை இளவயது இதய நோய்க் குடும்பம் என்று கணக்கில் எடுக்கின்றன. இளவயதுத் திடீர் மரணத்துக்கு இன்னொரு கட்டம் வேண்டும். பெற்றோர் ரத்த சொந்தமா என்பதற்கும் ஒன்று. தன்னார்வலருக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும். அந்த இரண்டு நிமிடத்துக்கும் ஊதியம் உண்டு என்பதை அரசு மறக்கக் கூடாது. ஏற்கெனவே அவர்கள் தலையில் ஏற்றியிருக்கும் சுமை அதிகம்.

பதில் ஆம் என்றால் அதற்குப் பின்னால் ஏதாவது நடக்க வேண்டும். பிரஷர் உள்ள அந்த நபருக்கு ஒரு ஈசிஜி, ஒரு கொழுப்புப் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்கோ. அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை மாதம் ஒருமுறை பார்வை. கூடவே பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அழைப்பு. குடும்பவழிக் கொழுப்பு நோயில் ஒருவரைக் கண்டுபிடித்தால், அவர் உடன்பிறந்தோரிலும் பிள்ளைகளிலும் பாதிப்பேருக்கு அது இருக்க வாய்ப்புண்டு. நெதர்லாந்து இப்படி வீடு வீடாகப் போய் ஆயிரக்கணக்கானோரைக் கண்டுபிடித்தது. அங்கே அதற்கென்று தனியாக ஆட்களை அனுப்பினார்கள். இங்கே வாசலில் ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார். மாவட்டத் தலைநகரில் 2008லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பென்னாகரத்திலோ அரூரிலோ ஒரு வட்டாரத்தில் ஓராண்டு நடத்திப் பார்த்தாலே எத்தனை குடும்பங்கள் தெரியவரும் என்பது புரிந்துவிடும்.

ஆராய்ச்சிக்கும் அதே குடும்பங்கள்தான் தேவை. ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் 83 சமூகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. நலமாக இருப்பவர்களின் மரபணு எப்படி இருக்கும், நோயாளிகளுடையது எப்படி இருக்கும் என்று ஒப்பிட அது அடிக்கல். ஆனால் எந்த மாற்றம் எந்த அழுத்தத்தில் எந்த வயதில் இதயத்தைக் கெடுக்கிறது என்று அறிய, அதே மனிதர்களை இருபது ஆண்டுகள் பின்தொடர வேண்டும். தமிழ்நாட்டில் மாதாமாதம் அழுத்தம் பார்த்துப் பதிவு செய்யும் ஏற்பாடு கிராமம்வரை இருக்கிறது. உலகில் பல பணக்கார நாடுகளுக்கே இல்லாத வசதி இது.

அதைப் பயன்படுத்துவதற்கு நிபந்தனைகள் உண்டு. சித்தேரியின் மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவர் 5 மில்லி ரத்தம் கொடுத்தால், எதற்கு என்று அவர் பேசும் தமிழில் அவருக்குச் சொல்லப்பட வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை மாத்திரை கிடைப்பதைப் பாதிக்கக் கூடாது. சாதிப் பெயரோடு நோயின் பெயரைச் சேர்த்துப் பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கக் கூடாது. அவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ பயன்படும் முடிவு எதுவும் கிடைத்தால், அது ஆங்கில ஆய்விதழில் வந்த அதே மாதத்தில் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் மேசைக்கும் வர வேண்டும். கொழுப்பு மாத்திரையோ எக்கோவோ தேவைப்பட்டால் அதன் செலவும், சேலம்வரை போய்வரும் பஸ் செலவும் திட்டத்தின் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும்.